கையெழுத்துப் போடாதவர்களின் அறிவியல்: டெக்னீஷியன் வேலையும் அதன் கிளைகளும்

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. வேதியியல் செய்முறைத் தேர்வன்று கையில் ஒரு பொட்டலம் உப்பு வரும். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க அதைக் கரைத்து, காய்ச்சி, முகர்ந்து பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். ஆய்வக உதவியாளர் அந்தப் பக்கமாக நடந்துபோவார். நம் சோதனைக் குழாயை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சூடு பண்றப்ப மஞ்சளாச்சா? ஆறினதும் வெளுத்துடுச்சா?" என்று மட்டும் கேட்பார். அது போதும், துத்தநாகம் என்று எழுதிவிடலாம். எங்கள் பள்ளியில் ஆசிரியரை 'சார்' என்றும் இவரை 'அண்ணே' என்றும் கூப்பிட்டோம். எந்த உப்பு எப்படி நிறம் மாறும் என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவர் அண்ணன்தான்.

இந்த 'அண்ணன்'கள் அறிவியலில் நெடுங்காலமாக இருக்கிறார்கள். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போன சி. வி. ராமன், பௌபஜார் தெருவில் அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே. எல்லோருக்கும் ஆசு பாபு. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவர், அடுத்த கால் நூற்றாண்டு ராமனின் சோதனைகளுக்குக் கருவிகளைப் பொருத்திக் கொடுத்தார். ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28 என்றால் ராமன் நினைவுக்கு வருவார், விவரம் அறிந்தவர்களுக்கு அந்த ஆய்வில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் வருவார். ஆசு பாபு வரை போகிறவர்கள் குறைவு.

ஆராய்ச்சியாளர் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணோ ஒரு படமோ ஒரு நிறமோ பதிலாக வர வேண்டும். அதை நம்பும்படி எடுத்துத் தருகிறவர் டெக்னீஷியன். அரசு ஆணைகளில் இவருக்கு 'ஆய்வக நுட்புநர்' என்று பெயர். மருத்துவமனை, பால் பண்ணை, அணு உலை, சாயப்பட்டறை, தடய அறிவியல் கூடம் என்று எங்கே போனாலும் வேலையின் அடிப்படை இதுதான். படிப்பும் சம்பளமும் பதவி உயர்வும்தான் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகின்றன.

பால் சங்கத்திலிருந்தே தொடங்கலாம். கிராமத்தில் பெரும்பாலோர் அன்றாடம் பார்க்கும் ஒரே அறிவியல் சோதனை அங்கேதான் நடக்கிறது, நாம் அதை அறிவியல் என்று நினைப்பதில்லை என்றாலும். பாலில் லேக்டோமீட்டரை மிதக்கவிட்டால் தெரிவது அடர்த்தி. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், 'டிகிரி' இறங்கும். ஆனால் இதை ஏமாற்ற ஒரு வழி உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் டிகிரி பழையபடி வந்து நிற்கும். லேக்டோமீட்டரை மட்டும் நம்பியவர் ஏமாந்துபோவார்.

அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கிறார்கள். கெர்பர் முறையில் பியூட்டிரோமீட்டர் குழாயில் முதலில் 10 மி.லி. கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மி.லி. பால், அப்புறம் 1 மி.லி. அமைல் ஆல்கஹால். அமிலம் கொழுப்பைத் தவிர மற்றதையெல்லாம் கரைத்துவிடும். குழாயை மூடிக் குலுக்கி, சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் கொழுப்பு தனிப் பத்தியாக மேலே வந்து நிற்கும், அளவுக்கோட்டில் படித்துக்கொள்ளலாம். கேட்க எளிதாக இருக்கிறது. பாலைக் குழாயின் சுவரோடு மெதுவாக வழியவிடாமல் படபடவென்று ஊற்றினால் அமிலத்தில் பால் கருகும். கொழுப்புப் பத்தியில் கறுப்புத் துகள் வந்து நிற்கும், அளவு தப்பும். தப்பினால் நட்டம் ஒரு மாடு வைத்திருக்கும் பெண்ணுக்கு. அந்தக் குழாயைப் பிடிக்கும் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவளுடைய வாரப் பணம்.

சரி, இந்த வேலைகளில் ஆட்கள் அதிகம் போகும் துறை மருத்துவ ஆய்வகம். தமிழ்நாட்டில் இதற்கான படிகள் ஓரளவு தெளிவானவை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஓராண்டுச் சான்றிதழ், ஈராண்டு டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப்) பட்டயம், அதற்கும் மேலே அதே பாடத்தில் பி.எஸ்சி. எம்எல்டி. அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. சான்றிதழ் படித்தவர்கள் மூன்றாம் நிலை நுட்புநர், பட்டயம் படித்தவர்கள் இரண்டாம் நிலை. ஒரு வருடத்தில் முடித்துவிடலாமே என்று சான்றிதழ் பக்கம் சாய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், துணைநிலைத் தொழிலர் என்று பதிவு செய்யக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டாண்டுக்குக் குறையாமல் என்று வரையறுக்கிறது. பட்டப்படிப்போடு வரும் சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரம். சட்டம் நடைமுறைக்கு வரும் வேகம் மாட்டுவண்டி வேகம்தான். ஆனால் வண்டி போகும் திசை தெரிகிறது. இன்று 17 வயதில் இருப்பவர் அடுத்த 40 ஆண்டுகளுக்கான கணக்கைப் போட வேண்டும்.

வேலை எப்படி இருக்கும்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ரத்தம் எடுப்பதும் மெஷினில் வைப்பதும்தான் தெரியும். நல்ல டெக்னீஷியனின் திறமை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஓர் உதாரணம். ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 12 என்று கருவி காட்டுகிறது. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. அதே மாதிரியில் கால்சியம் 3. சாதாரணமாக எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும். இந்த எண்கள் உண்மையாக இருந்தால் அந்த ஆள் உயிரோடு இருக்க முடியாது. வார்டில் விசாரித்தால் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன நடந்திருக்கும்? ரத்தம் எடுத்தவர் ஊதா மூடிக் குழாயில் விட்ட ரத்தத்தில் கொஞ்சத்தை, இதில் குறைகிறதே என்று, சீரம் குழாயில் ஊற்றியிருப்பார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது பொட்டாசியம் உப்பாக இருப்பது, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. இரண்டு எண்களும் ஒரே கதையைச் சொல்கின்றன. அனுபவம் உள்ளவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார், மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி அனுப்புவார். பழகாதவர் அச்சடித்து அனுப்பிவிடுவார். ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி கருவிக்குப் போவதற்கு முன்பே, எடுப்பதிலும் ஊற்றுவதிலும் பெயர் ஒட்டுவதிலும் நடப்பவை.

இதே வேலையின் இன்னொரு பக்கம் 'கன்ட்ரோல் போடுவது'. ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் மாதிரிக்கு முன்னால், அளவு தெரிந்த ஒரு மாதிரியை ஓட்டி, வந்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் தாறுமாறாக விழுந்தால் எல்லாம் நலம். எல்லாமே எல்லைக்குள் இருந்தும் பத்து நாட்களாக ஒரே பக்கம் விழுந்துகொண்டிருந்தால் ரீஏஜென்ட் (சோதனைக்குச் சேர்க்கும் வேதிப்பொருள்) கெட்டுக்கொண்டிருக்கலாம், கருவியின் விளக்கு மங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு திட்டவிலக்கத்துக்கு (எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவின் இரு மடங்குக்கு) வெளியே ஒரு புள்ளி விழுந்தால் உடனே பதறவும் கூடாது. சும்மாவே இருபதுக்கு ஒன்று அப்படி விழும். எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பாடத்தில் ஒரு நாளில் படித்துவிடலாம். கை வருவதற்கு வருடங்கள் ஆகும். இன்னொன்று, கன்ட்ரோல் போடாமலே போட்டதாக எழுதிவைக்கும் ஆய்வகங்களும் ஊரில் உண்டு. படித்து முடித்து முதல் வேலைக்குப் போகும் இடத்தில் அந்த வரைபடக் கோப்பைப் பார்க்கக் கேளுங்கள். எப்படிப்பட்ட இடம் என்பது தெரிந்துவிடும்.

காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்பவரின் பொறுமை தனி ரகம். ஸ்லைடில் சிவப்புக் கம்பி போன்ற கிருமி ஒன்றுகூட இல்லை என்று எழுத வேண்டுமானால், எண்ணெய் வைத்துப் பார்க்கும் லென்ஸில் 100 காட்சிப் புலங்களைப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் புலம் பார்த்துவிட்டு 'நெகட்டிவ்' என்று எழுதினால் உடனே யாருக்கும் தெரியாது. அந்த நோயாளி வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருப்பார். அதனால்தான் நெகட்டிவ் என்று வந்த ஸ்லைடுகளிலும் சிலவற்றை எடுத்து இன்னொருவர் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இப்போது மூலக்கூறு சோதனைக் கருவிகள் வந்து இந்தச் சுமையைக் குறைக்கின்றன. ஆனாலும் மைக்ரோஸ்கோப் மேசையைவிட்டு இறங்கவில்லை.

இவ்வளவும் செய்தபின் அறிக்கையில் கையெழுத்து யாருடையது? நோய்க்குறியியல் மருத்துவருடையது. ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவர்தான் ஒப்பமிட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது. நோயாளிக்குப் பொறுப்பேற்க ஒரு மருத்துவர் வேண்டும். ஆனால் சொந்தமாகச் சிறு ஆய்வகம் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று படிக்க வருபவர்களிடம் இந்த விவரத்தை யாரும் சேர்க்கையின்போது சொல்வதில்லை. தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பதையும்தான்.

திருப்பூர் பக்கம் போனால் வேலையின் மணமே வேறு. வெளிநாட்டு வாங்குபவர் ஒரு துண்டுத் துணி அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்பார். சாயப்பட்டறை ஆய்வகத்தில் சாயங்களைக் கலந்து சின்னச் சின்னத் துணிகளில் ஏற்றிக் காட்டுவதற்கு 'லேப் டிப்' என்று பெயர். நிறத்தை எண்ணாக அளக்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. ஆனாலும் கடைசியில் பலவகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸுக்குள் வைத்துக் கண்ணால் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் கடை விளக்கில் வேறு வேறு நிறமாகத் தெரியலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் கட்டாயம் இறுகியது. சவ்வு வடிகட்டிகள், ஆவியாக்கிகள் என்று ஒரு தனித் தொழிலே பக்கத்தில் வளர்ந்தது. அங்கே தினமும் நீரில் உள்ள உப்பின் அளவையும், அதிலுள்ள கழிவு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதையும் சோதிக்க ஆள் வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்கும் கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர் வேலை.

மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரிலேயே இவை இருக்கின்றன, ஆனால் வாசல் எப்போது திறக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அணுசக்தித் துறை உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறது. முதல் பிரிவுக்குப் பட்டயப் பொறியியல் அல்லது பி.எஸ்சி., இரண்டாம் பிரிவுக்கு ஐடிஐ அல்லது அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ. பயிற்சி முடிந்ததும் முதல் பிரிவினர் சயன்டிஃபிக் அசிஸ்டென்ட் ஆகிறார்கள், ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். இரண்டாம் பிரிவினர் டெக்னீஷியன், 21,700 அல்லது 25,500 ரூபாய். இஸ்ரோவில் டெக்னீஷியன்-பி 21,700 ரூபாயிலும் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் 44,900 ரூபாயிலும் தொடங்குகிறார்கள்.

சிக்கல் வயதில் இருக்கிறது. அணுசக்தித் துறையின் இரண்டாம் பிரிவுக்குப் பொதுப்பிரிவினருக்கான உச்ச வயது 22, முதல் பிரிவுக்கு 24. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நம் பிள்ளைகள் பி.எஸ்சி. முடித்து, எம்.எஸ்சி. முடித்து, பி.எட்.டும் முடித்துவிட்டு, 'வேலை ஏதாவது வருதா' என்று தேட ஆரம்பிக்கும்போது இந்த வாசல் மூடியிருக்கும். இந்த வேலைகளுக்குக் கூடுதல் படிப்பு பல நேரம் கூடுதல் பாரம்.

அணு உலைப் பகுதியில் வேலை என்றால் வீட்டில் பயப்படுவார்கள். உள்ளே போகிறவர்கள் மார்பில் கதிர்வீச்சை அளக்கும் சின்ன வில்லை அணிந்திருப்பார்கள். ஒருவர் வாங்கக்கூடிய அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆளுக்கு ஆள் கணக்கு வைக்கப்படுகிறது. அந்தக் கணக்கை எடுப்பதும் ஒரு டெக்னீஷியன் வேலைதான்.

வானிலை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நாம் எல்லோரும் அதன் பலனைத் தினமும் படிக்கிறோம். 'இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று மழைச் செய்தி தொடங்கும். அதென்ன 8.30? உலக நேரப்படி அது அதிகாலை 3 மணி, உலகெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே நொடியில் அளவெடுக்கக் குறித்த வேளைகளில் ஒன்று. மழை கொட்டினாலும் புயல் அடித்தாலும் தானியங்கிக் கருவி இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் குடையோடு போய் மழைமானியைத் திறந்து அளந்திருக்கிறார். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் இதே பிடிவாதம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை அங்கே கண்டறிந்த எவர்ஷெட்டின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நூறு வருடக் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் காயவைத்தவர்களின் பெயர் அங்கே இல்லை.

தடய அறிவியலைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர்கள் ஏற்றிவிட்ட கற்பனை அதிகம். சென்னைக்கு இதில் பழைய உறவு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பகுப்பாய்வாளர் கூடம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு, முத்திரை வைத்து அனுப்புவார்கள். இங்கே வேலையின் பாதி அந்த முத்திரையைப் பார்ப்பதும், யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்று எழுதுவதும். எழுத்தில் ஓர் ஓட்டை இருந்தால் மிகச் சரியான பகுப்பாய்வும் நீதிமன்றத்தில் நிற்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்ட சாராயத்தில் இருந்தது மெத்தனால். குடிக்கும் எத்தனாலும் கொல்லும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுதான். வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் வெளியே வந்து தனித்தனி முகடுகளாகத் தெரியும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடத்துக்கே வர வேண்டும் என்கிறது. இதைத் தயாராக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆள் இல்லாமல் இதைச் செய்ய முடியாது, ஆகவே பணியிடங்கள் பெருகும் என்று எதிர்பார்க்கலாம். அரசு நிதி ஒதுக்கினால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆய்வக உதவியாளர் வேலைக்கு எவ்வளவு கிராக்கி என்பது 2015-இல் தெரிந்தது. 4,362 இடங்களுக்கு அந்த ஆண்டு மே 31 அன்று நடந்த எழுத்துத் தேர்வுக்கு லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. எழுதியவர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. அரசு வேலை என்ற ஈர்ப்புதான் முதல் காரணம். அறிவியல் பட்டத்தோடு ஆய்வகத்தில் நிற்கத் தனியார் தரும் சம்பளம் இன்னொரு காரணம்.

இப்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி, கருவிகளே எல்லாவற்றையும் செய்துவிட்டால் இந்த ஆட்கள் எதற்கு என்பது. பால் சங்கத்திலேயே பார்க்கலாம். கெர்பர் குழாய்கள் ஒதுங்கி, மீயொலியில் இயங்கும் கருவி பல இடங்களில் வந்துவிட்டது. பாலை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) திரையில் வருகின்றன, சீட்டும் அச்சாகிறது. அமிலம் இல்லை, கருகல் இல்லை. உறுப்பினர்களுக்கும் திரையில் எண்ணைப் பார்ப்பதில் ஒரு நம்பிக்கை. ஆனால் அந்தக் கருவி பாலின் கொழுப்பை நேராகப் பார்ப்பதில்லை. பாலுக்குள் ஒலி போகும் விதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கழுவாமல் விட்டால், பசும்பாலுக்கு வைத்த அளவில் எருமைப்பாலை ஊற்றினால், கணக்கு மெல்ல மெல்ல விலகும். திரையில் எண் மட்டும் அதே தெளிவோடு வந்துகொண்டிருக்கும். விலகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, அதே பாலைப் பழைய முறையில் ஒருமுறை சோதித்து ஒப்பிடுவது. அதற்கு அலமாரியில் பத்து பியூட்டிரோமீட்டர் குழாய்களும், அமிலத்தின்மேல் பாலைச் சுவரோரமாக வழியவிடத் தெரிந்த ஒரு கையும் வேண்டும்.